கதவு வைத்த சீட்

மே 8, திருச்சி

காலைக் காபி ஆறுவதற்குள் செல்போனில் ஒரு மின்னஞ்சல். ‘உங்கள் பயணத்தை இன்னும் இனிமையாக்கலாமே’ என்று ஆரம்பித்திருந்தது. யாராவது இப்படித் தேனொழுகப் பேசினால் உடனே பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

நாளை மறுநாள் விடிகாலை அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து துபாய் வழியாக சான் பிரான்சிஸ்கோ போகிறேன். தம்பி அங்கே ஃப்ரீமான்ட்டில் இருக்கிறான். அம்மாவுக்கு 76 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், இருபது வருடச் சர்க்கரை. ‘எகானமியில உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்துடாதண்ணே’ என்று தம்பியே இருவருக்கும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான். நான் பிசினஸ் கிளாஸில் ஏறுவதே இதுதான் முதல் தடவை. அந்தக் கூச்சமே இன்னும் தெளியவில்லை, அதற்குள் மேலே இன்னொரு படி காட்டுகிறார்கள். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை மட்டும் ஃபர்ஸ்ட் கிளாஸ், ஆளுக்கு 93,000 ரூபாய் கூடுதல்.

அந்தப் பறப்பு 16 மணி நேரம். தினத்தாளின் ஓரத்தில் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 5,800 ரூபாய் சொச்சம். கண்ணை மூடி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் பத்தாயிரம் காலி. தூங்காமல் விழித்திருந்தாலும் அதே பத்தாயிரம்தான். இந்தக் கணக்கில்தான் மண்டை காய்ந்தது.

தம்பியைக் கூப்பிட்டேன். அங்கே ராத்திரி ஒன்பது.

“போடுண்ணே, அம்மாவுக்குத்தானே” என்றான்.

“டேய், ரெண்டுலயும் படுத்துக்கிட்டுத்தான் போகப்போறோம். அப்புறம் எதுக்கு?”

“அது வேற, இது வேற.”

வேறு என்றால் எது வேறு என்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். நான் புரிந்துகொண்டது இது. ஒரு காலத்தில் ஃபர்ஸ்ட் கிளாஸின் மகிமையே படுக்கைதான். 1990களின் நடுவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஃபர்ஸ்ட் கிளாஸில் முழுசாக நீட்டிப் படுக்கும் சீட்டைக் கொண்டுவந்தது. 2000 வாக்கில் அதையே பிசினஸுக்கும் இறக்கியது. ஒவ்வொருவராக மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். பிசினஸிலேயே கால் நீட்டிப் படுக்கலாம் என்றான பிறகு ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு மிஞ்சியது கதவு, சாப்பாடு, கூடுதல் கவனிப்பு. அந்தக் கதவையும் விட்டுவைக்கவில்லை. கத்தார் ஏர்வேஸ் 2017-ல் பிசினஸ் சீட்டுக்கே கதவு வைத்துவிட்டது. பல நிறுவனங்கள் ஃபர்ஸ்ட் கிளாஸையே தூக்கிவிட்டன.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று கிடைத்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-ல் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பக்கத்தில் இருக்கும் நெவார்க்குக்கு நேராகப் பறக்க ஆரம்பித்தது. பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலே. உலகத்திலேயே மிக நீண்ட பயணங்களில் ஒன்று. அதில் 67 பிசினஸ் சீட், 94 பிரீமியம் எகானமி சீட். ஃபர்ஸ்ட் கிளாஸ் கிடையவே கிடையாது. இதைத் தம்பிக்கு அனுப்பினேன். ‘நீண்ட தூரத்துக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் அவசியம்னா இதுலதானே முதல்ல வச்சிருப்பான்?’

அவன் விடுவானா. சிட்னியிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறக்கக் குவான்டாஸ் போட்டிருக்கும் திட்டத்தில் 238 சீட்டில் 6 ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று பதில் அனுப்பினான். ஆளுக்கு ஒரு கம்பெனியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டோம்.

உடம்புக்கு ஏதாவது கூடுதல் நன்மை உண்டா என்றும் தேடினேன். அம்மா விஷயத்தில் அதுதானே முக்கியம். காற்று எல்லாருக்கும் ஒன்றுதான். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் அதிகம் போனால் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கலாம் என்பது விதி. ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி. முன்னால் உட்கார்ந்தவருக்கு ஊட்டி, பின்னால் உட்கார்ந்தவருக்குக் கொல்லிமலை என்றெல்லாம் கிடையாது. வறட்சியும் அதேதான். உதடு எல்லா வகுப்பிலும் வெடிக்கும்.

காலில் ரத்தம் கட்டும் பயம் ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் அந்த அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மடங்கு என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்த வரியில்தான் 6,000 பேரில் ஒருவருக்கு என்று இருந்தது. விமானம் மட்டுமில்லை, ரயில், பஸ், காருக்கும் அப்படித்தானாம். இதற்கு ‘எகானமி கிளாஸ் நோய்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. உண்மையில் எந்த சீட்டானாலும் எழுந்து நடக்காதவருக்கு வரும். டாக்டரும் அம்மாவிடம் ‘ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எழுந்திரிச்சு நடங்க, தண்ணி குடிங்க’ என்றுதான் சொல்லி அனுப்பினார். அது இலவசம்.

ஆக, உட்காருவதிலிருந்து படுப்பதற்குத் தாவுவது ஒரு பெரிய தாவல். அதற்குத் தம்பி காசு கட்டியாகிவிட்டது. படுப்பதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதற்கு 93,000. மின்னஞ்சலை அழிக்கவும் இல்லை, பணம் கட்டவும் இல்லை. பார்ப்போம்.

மே 9, தாம்பரம்

விடிகாலையில் பல்லவனைப் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கி, அத்தை பெண் வீட்டில் இருக்கிறோம். நள்ளிரவில் விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும்.

ரயிலில் அம்மாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். “ரயில்ல டூ ஏசி, ஒன் ஏசின்னு இருக்குல்லம்மா, அது மாதிரி பிளேன்லயும். ரெண்டுலயும் படுக்கலாம். ஒன் ஏசில கதவு இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.”

“கதவா?” என்றார் அம்மா. அப்புறம் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார்.

அந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பா ரயில்வேயில் இருந்தார். மீட்டர் கேஜ் காலம். திருத்துறைப்பூண்டியிலிருந்து எழும்பூருக்குப் பாஸில் ஃபர்ஸ்ட் கிளாஸ் கூப்பே கிடைத்தது. இரண்டே பெர்த், உள்ளே தாழ்ப்பாள். அம்மாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், மடியில் நான். மாயவரத்தில் எனக்குப் பால் வாங்க அப்பா இறங்கினார். வண்டி நகர்ந்துவிட்டது. ஓடிப்போய் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். அந்தக் காலத்தில் பெட்டிக்குப் பெட்டி உள்ளே வழி கிடையாது. அம்மா தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சீர்காழியில் வண்டி நின்றதும் அப்பா ஓடிவந்து கதவைத் தட்டினார். “நான்தான், தொற!” அம்மா திறக்கவில்லை. குரல் மூச்சிரைப்பில் வேறு மாதிரி இருந்ததாம். அப்பா தன் பெயர், ஊர், மாமனார் பெயர் எல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார். வண்டி மறுபடி கிளம்ப, மறுபடி வேறு பெட்டிக்கு ஓட்டம். சிதம்பரத்தில் டிக்கெட் பரிசோதகரோடு வந்த பிறகுதான் கதவு திறந்தது. அதுவரை பாலுக்காக நான் கத்தியிருக்கிறேன்.

“கதவெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராதுடா” என்றார் அம்மா.

அத்தை பெண்ணின் கணவர் வேலை விஷயமாக அடிக்கடி பறப்பவர். அவர் வேறு ஒரு யோசனை சொன்னார். மின்னஞ்சலில் வரும் விலையில் மயங்கக்கூடாது. காலியாகப் போகிற சீட்டை வைத்துக்கொண்டு அவர்களுக்கும் லாபமில்லை. அதனால் கிளம்பும் நேரம் நெருங்க நெருங்கக் கவுன்டரில் விலை குறையலாம், சீட்டே இல்லாமலும் போகலாம். சில நிறுவனங்களில் ஏலம்கூட உண்டு. இவ்வளவுதான் தருவேன் என்று நாம் ஒரு தொகை எழுதிப் போட வேண்டும், வேண்டுமானால் எடுத்துக்கொள்வார்கள். “எடுத்த எடுப்புல அதிகமாப் போட்டுடாதீங்க” என்றார், உழவர் சந்தையில் பேரம் சொல்லிக்கொடுப்பவர் மாதிரி. “சென்னை–துபாய் நாலு மணி நேரத்துக்கு மட்டும் எந்தக் காலத்துலயும் காசு போடாதீங்க. ஏறி, சாப்பிட்டு, கண்ணை மூடினா எறங்கச் சொல்லிடுவான்.”

மே 10, துபாய், காலை ஏழரை

அவர் சொன்னது நிஜம்தான். நாலு மணிக்குக் கிளம்பிய விமானத்தில் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போகவே ஐந்தரை ஆனது. ஒன்றரை மணி நேரம் தூங்கியிருப்பேன். இங்கே கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும், அதனால் கணக்குப்படி நான் தூங்கவே இல்லை.

அம்மாவை வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் பாகிஸ்தானியர். வழி நெடுக அம்மாவை ‘மாஜி’ என்று கூப்பிட்டார். அம்மா தமிழிலேயே பதில் சொன்னார். இருவருக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. நாங்கள் காத்திருக்கும் பகுதி ஏ380 என்கிற இரண்டு மாடி விமானங்களுக்கென்றே கட்டி 2013-ல் திறந்தது. லவுஞ்ச் ஒரு மாடி முழுக்க நீள்கிறது. அங்கேயே கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் விமானத்தின் மாடி. கீழே இறங்கவே வேண்டாம். அம்மாவின் முழங்காலுக்கு இதுதான் பெரிய அப்கிரேடு. இதற்குத் தனிக் காசு இல்லை.

லவுஞ்ச் மேசையில் இருந்த பெண் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசினார். நான் சும்மா கேட்டு வைத்தேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஃபர்ஸ்ட்ல ஒரே ஒரு சீட்தான் சார் இருக்கு. 3,300 திர்ஹாம்” என்றார்.

நம் பணத்தில் முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. 93,000-லிருந்து இறங்கியிருக்கிறது. ஆனால் ஒன்றே ஒன்று. யாருக்கு? எனக்கென்று கேட்கும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை. அம்மாவுக்கு.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“எவ்வளவு?”

இந்தக் கேள்விக்கு ஊரில் எந்தப் பிள்ளையும் உண்மை சொன்னதில்லை. புடவை விலையில் பாதி, ஆஸ்பத்திரி பில்லில் கால்வாசி என்று சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிவிட்டது.

“பத்தாயிரம் கூடக் கேக்கறாங்க.”

“பத்தாயிரமா!” பக்கத்தில் பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். “படுக்கறதுக்கா? வீட்ல அரிசிக்காரன் பாக்கி கெடக்கு.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நீ எங்க இருப்பே?”

“நான் பின்னாடி, இப்ப இருக்கற எடத்துலயேம்மா. திரையைத் தாண்டி நடந்தா வந்துடலாம்.”

“கதவைச் சாத்திட்டா ராத்திரி உன்னை எப்படிடா கூப்புடறது?”

பட்டன் இருக்கிறது, அமுக்கினால் ஆள் வருவார்கள் என்றேன். “அவங்ககிட்ட நான் என்ன பாஷையில சொல்றது?” என்றார். மேசைப் பெண்ணிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. தினமும் நூறு அம்மாக்களைப் பார்ப்பார் போல.

மே 10, இன்னமும் மே 10தான்

ஃப்ரீமான்ட் வந்து சேர்ந்து, குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். துபாயில் காலை எட்டே காலுக்கு ஏறி, இங்கே மதியம் ஒன்றே காலுக்கு இறங்கினோம். தேதி மாறவில்லை. “காலைல கெளம்பி மத்தியானம் வந்துட்டோம். பதினாறு மணி நேரம்னு பயமுறுத்தினியே” என்று அம்மா தம்பியிடம் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏ380 என்பது கப்பல். 2007 அக்டோபரில் சிங்கப்பூர்–சிட்னி வழியில் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றியது. 2021-ல் தயாரிப்பை நிறுத்தியும்விட்டார்கள், இருப்பவை மட்டும் ஓடுகின்றன. மாடியில் முன்னால் 14 ஃபர்ஸ்ட் கிளாஸ் அறைகள், பின்னால் 76 பிசினஸ் படுக்கைகள். ஏறும்போது முன்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு வராத தடுப்பு, தள்ளுகிற கதவு, ஒரு மேசை விளக்கு. நகைக்கடை டப்பாவுக்குள் மாதிரி ஒரே பொன் நிறம்.

எங்களுக்கு நடுவில் ஒட்டினாற்போல் இரண்டு சீட். பணிப்பெண் மெத்தையை விரித்துக் காட்டினார். அம்மா கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இலவம் பஞ்சு இல்ல” என்று சொல்லிவிட்டுப் படுத்தார். சாப்பாட்டு நேரத்துக்கும் அம்மாவின் மாத்திரை நேரத்துக்கும் ஒத்துவரவில்லை. ஃபர்ஸ்ட் கிளாஸில் கேட்ட நேரத்தில் முழுச் சாப்பாடு தருவார்கள் என்று படித்திருந்தேன். சர்க்கரைக்காரருக்கு அது ஒன்றுதான் உருப்படியான சலுகை என்று நினைத்து அந்த நேரத்தில் கொஞ்சம் வருத்தப்பட்டேன். அம்மா பையைத் திறந்தார். எவர்சில்வர் டப்பா. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எட்டு. நல்லெண்ணெய் வாசனை அந்த மாடி முழுக்கப் போனது. இரண்டு வரிசை தள்ளி ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். முகத்தைப் பார்த்தால் நம்ம ஊர்க்காரர்தான், ஏக்கம் தெரிந்தது. ஒன்று கொடுத்திருக்கலாம்.

தூக்கத்தில் நாலு தடவை என் போர்வை இழுபட்டது. “டேய், பாத்ரூம்.” நாலு தடவையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். நடந்தது மாதிரியும் ஆயிற்று, டாக்டர் சொன்னது மாதிரியும் ஆயிற்று. கதவு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஒவ்வொரு தடவையும் யோசித்தேன்.

மூன்றாவது தடவை திரும்பும்போது, காலை இன்னும் கொஞ்சம் நீட்டலாம் என்று வால்பக்கம் வரை நடத்திக் கூட்டிப் போனேன். உள்ளே எல்லாம் இருட்டு, ஜன்னலையெல்லாம் மூடி ஊரே தூங்குகிறது. பின்னால் நின்று பேசுகிற இடத்தில் ஒரு ஜன்னல் மட்டும் பாதி திறந்திருந்தது. அதிலிருந்து வெள்ளை வெளிச்சம் கத்தி மாதிரி விழுந்தது. வட துருவத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். மே மாதத்தில் அங்கே சூரியன் அஸ்தமிப்பதில்லை. வழி முழுக்கப் பகல்தான்.

அம்மா இரண்டு கையையும் சுவரில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். கீழே எல்லை இல்லாமல் வெள்ளை. நடுநடுவே கோணல்மாணலாகக் கறுப்புக் கோடுகள், பாத்தி கட்டி விட்டது போல.

“வேதாரண்யம் உப்பளம் மாதிரி இருக்குடா” என்றார். “தாத்தா கூட்டிட்டுப் போவாரு. இப்படித்தான், கண்ணு கூசும்.”

நாற்பது நிமிடம் நின்றார். முழங்கால் ஞாபகமே வரவில்லை. நான்தான் இரண்டு தடவை வாட்சைப் பார்த்தேன். கடைசியில் பணிப்பெண் ஒருவர் வந்து ஒரு மெத்தை இருக்கையைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் ஜன்னல் எட்டாது என்று அம்மா மறுத்துவிட்டார்.

மே 14, ஃப்ரீமான்ட்

பகலில் தூக்கம், ராத்திரியில் பேயாட்டம். அம்மா இரண்டே நாளில் சரியாகிவிட்டார், நான் இன்னும் மூன்று மணிக்கு எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கு மாமிக்கு அம்மா உப்பளக் கதையைச் சொல்லியாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

மே 24, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம்

அம்மா அக்டோபர் வரை இங்கேதான். நான் மட்டும் திரும்புகிறேன். காலையில் தம்பி ஒரு குண்டைப் போட்டான். அவன் கணக்கில் சேர்ந்த மைல்கள் அடுத்த மாதம் காலாவதி ஆகின்றனவாம். அதை வைத்து என் டிக்கெட்டைத் துபாய் வரை ஃபர்ஸ்ட் கிளாஸாக மாற்றிவிட்டான்.

“காசு இல்லண்ணே, மைலு. வீணாப் போறதுதானே.”

வீணாகப் போவதை வீணாக்காமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் மதம் மாதிரி. ஒன்றும் பேச முடியவில்லை. ஆனால் ஏறும் முன்பே ஒன்று புரிந்துவிட்டது. மைலில் கிடைத்தாலும் மனசு அதை ரூபாயில்தான் எழுதிக்கொள்கிறது.

மே 25, துபாய், இரவு

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும்.

உட்கார்ந்ததும் அரபிக் காபியும் பேரீச்சையும். இரவு உடை ஒரு பொட்டலம். ஒயின் பட்டியல் ஒரு கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு இருந்தது. நான் குடிப்பதில்லை. இந்த வகுப்பின் விலையில் பெரிய பங்கு அந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது என்று பட்டது. குடிக்காதவனுக்கு அங்கேயே பாதி நஷ்டம். மோர் கேட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாமா என்று தோன்றியது, கேட்கவில்லை. கேவியர் கொண்டுவந்தார்கள். முத்துச் சிப்பி ஓட்டில் செய்த குட்டிக் கரண்டி, கறுப்பு மணிகள். வாயில் போட்டு நசுக்கினால் உப்பும் கடல் வாசனையும். நன்றாகத்தான் இருந்தது. அம்மா விரால் சினையை மிளகாய்த்தூள், மஞ்சள் போட்டு வறுத்துத் தருவதைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு, ‘இன்னும் வறுக்கலியா?’ என்று கேட்டது.

குளியல். இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முன்பக்கம் இரண்டு குளியலறை. நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள், ஆளுக்கு அரை மணி. தண்ணீர் மட்டும் ஐந்து நிமிடம். நிறுத்தி நிறுத்தித் திறந்துகொள்ளலாம், மிச்சம் எவ்வளவு என்று விளக்குகள் காட்டும். மேகத்துக்கு மேலே வெந்நீரில் நிற்கிறேன், கண் முழுக்க அந்த விளக்குகளின் மேல். சோப்பைப் போட்டுவிட்டுத் தண்ணீரை நிறுத்தி, தேய்த்து, திறந்து, அலசி... குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் குளிப்பது எனக்குப் புதிதில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று வருடம் இருந்தவன். நாலு நிமிடத்தில் முடித்து ஒரு நிமிடத்தை மிச்சம் வைத்தேன். அந்த ஒரு நிமிடத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி திறந்து, சும்மா நின்றேன். அந்த ஒரு நிமிடம் அருமை. மற்ற நாலும் வேலை.

அப்புறம் கதவைச் சாத்தினேன். மெதுவாக, சத்தமே இல்லாமல் வந்து பொருந்தியது. விளக்கை அணைத்தேன். படுத்தேன். கால் எங்கேயும் இடிக்கவில்லை. போர்வை பஞ்சுப் பொதி. தூக்கம் வரவில்லை.

வராததற்குக் காரணம் அந்தக் கதவோ மெத்தையோ இல்லை, நான்தான். படம் பார்க்காமல் தூங்கினால் நஷ்டம், தூங்காமல் படம் பார்த்தாலும் நஷ்டம். எழுந்து பழம் சாப்பிட்டேன். மறுபடி படுத்தேன். சாக்லேட் பெட்டியைத் திறந்தேன், மூடினேன். ஜன்னலைத் திறந்து உப்பளம் தெரிகிறதா என்று பார்த்தேன். மேகம். பதினைந்தரை மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். போகும்போது நாலு தடவை எழுப்பப்பட்டும் ஆறு மணி நேரம் தூங்கினேன். யாராவது போர்வையை இழுப்பார்கள் என்று காது காத்திருந்ததோ என்னவோ.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதே நான் எகானமியில் வந்திருந்து, கவுன்டரில் யாராவது நியாயமான விலைக்குப் பிசினஸ் படுக்கை தருகிறேன் என்றால் இனிமேல் யோசிக்க மாட்டேன். அதுவும் ராத்திரி விமானமாக இருந்து, இறங்கிய அன்றே வேலை இருந்தால் கட்டாயம் எடுப்பேன். பிடித்துக்கொண்ட முதுகோடு இறங்கி ஒரு முழு நாளைத் தொலைப்பதைவிட அது மலிவு. பிசினஸிலிருந்து மேலே போகத்தான் எனக்கு மனசு வரவில்லை. புதுமணத் தம்பதி, ஒயின் தெரிந்தவர், யார் முகத்திலும் விழிக்காமல் பயணம் செய்ய நினைக்கும் பெரிய மனிதர், இவர்களுக்கெல்லாம் என் கணக்கு செல்லாது.

இரவு உடையைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அது தரத்தான் தருகிறார்கள், திருட்டு இல்லை.

மே 27, திருச்சி

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு மணி நேரம் அடித்துப்போட்டது போல் தூக்கம். கொசுவர்த்தி, சீலிங் ஃபேன் சத்தம், தெருவில் கீரைக்காரம்மா குரல்.

இப்போதுதான் அம்மா வாட்ஸ்அப்பில் வந்தார். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவதால் வீடியோவில் எனக்குக் காது மட்டும்தான் தெரிந்தது.

“கதவைச் சாத்திட்டு நல்லாத் தூங்குனியா?”

“எங்கம்மா... ரெண்டு மணி நேரம்.”

“நான்தான் சொன்னேனே.” கொஞ்சம் நிறுத்தி, “அக்டோபர்ல நான் வரப்ப நடு சீட்டுப் போடாதே. ஜன்னலோரமாப் போடு. உப்பளம் பாக்கணும்.”

அக்டோபரில் சாயங்காலம் கிளம்பினால் சீக்கிரமே இருட்டிவிடும், துருவத்துப் பக்கம் ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த கேள்வி.

“அந்தக் கதவு வச்ச ரூமு இருக்கே, அதுல ஜன்னல் உண்டா?”

“ஓரத்து ரூம்னா உண்டும்மா.”

“பெருசா?”

“ஒண்ணுக்கு மேலயே இருக்கும். ஏம்மா?”

“இல்ல, அந்த எடத்துல நிக்கறப்ப கால் கடுத்துது. உள்ளயே ஜன்னல் இருந்தா படுத்துக்கிட்டே பாக்கலாம்ல.” காது நகர்ந்து, அம்மாவின் மூக்குக் கண்ணாடி தெரிந்தது. “பத்தாயிரம்தானே சொன்னே? என் பென்ஷன்லேருந்து எடுத்துக் கட்டிடு.”